எசென் வண்டியின் பிரீதர் ஓஸ்

எசெனை அடக்கம் செய்து ஆறாம் நாள், அவனுடைய வண்டியை ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்து துர்சுன்பெக்கின் பட்டறை முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். லாரிக்காரன் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. உள்ளிருந்தே கையை ஆட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஜனவரி மாதத்தில், நாரின் மலையூரின் குளிரில் கண்ணாடியை இறக்கிப் பேசுகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் குடித்திருப்பான்.

துர்சுன்பெக் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து மேலே போட்டு, காற்று தூக்காமல் நான்கு பக்கமும் தேய்ந்த டயர்களை வைத்தார். பிறகு உள்ளே போய், அவசரமே இல்லாத ஒரு கியர்பாக்ஸைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நாஸிராவுக்கு என்னவோபோல் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முற்றத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் அவர். பானெட்டைத் திறக்காமல் ஒரு வண்டியை அவர் மூடிவைத்து அவள் பார்த்ததில்லை. துக்கம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அவள் நினைத்ததில் பாதி சரி.

எசென் அவருடைய தங்கை அனார்கூலின் கணவன். தங்கை என்று பெயர்தானே தவிர, இருவருக்கும் இருபது வயது வித்தியாசம். தாய் தகப்பன் போனபிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், வேளாவேளைக்குச் சோறு போட்டதும், கட்டிக்கொடுத்ததும் துர்சுன்பெக்தான். எசென் நாரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவில் ஷேர் டாக்ஸி ஓட்டினான். வலதுபக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டி. அதைத் துடைப்பதும், அதற்கு எதையாவது வாங்கி மாட்டுவதும்தான் அவனுக்குப் பொழுதுபோக்கு. தனக்குச் சால்வை வாங்கக் கொடுத்த காசில் வண்டிக்குச் சீட் உறை வாங்கி வந்த மனிதன் என்று அனார்கூல் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அவன் செத்த கதையை அந்த ஆறு நாளில் ஊரே மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. பிஷ்கெக்கிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினான். டோலோன் கணவாயின் உச்சி நெருங்கும்போது எஞ்சின் எண்ணெய் குறைந்ததற்கான எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் தடதடவென்று அடித்து அப்படியே இறுகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் உள்ளே எங்கு பார்த்தாலும் எண்ணெய். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி அதன் துளையில் இல்லை. வெளியே விழுந்து கிடந்தது. பனிப்புயல் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு மினிபஸ்ஸை மறித்து நாலு பேரையும் அதில் திணித்தான். ஐந்தாவது ஆளுக்கு ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடமில்லை. கணவாயில் வண்டியைத் தனியாக விட்டு வருகிற டிரைவரும் அந்தப் பக்கத்தில் கிடையாது. அடுத்த வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினானாம். அடுத்த வண்டி வரவில்லை. சாலையை இரண்டு பக்கமும் மூடிவிட்டார்கள். மினிபஸ்ஸில் போனவர்கள் நாரின் வந்து சொன்னபோது யாராலும் மேலே ஏற முடியவில்லை. மறுநாள் மதியம் பனி ஒதுக்கும் எந்திரம் போய்ச் சேர்ந்தது. பின் சீட்டில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கிடந்தான்.

காலையில் எண்ணெய் பார்த்துவிட்டுக் கம்பியைத் திரும்பச் செருக மறந்திருக்கிறான், அந்தத் துளை வழியாக எண்ணெய் முழுக்கத் தெறித்துப் போயிருக்கிறது. இதுதான் ஊரின் தீர்ப்பு. வண்டியில் வந்த நாலு பேரில் ஒருவரான பள்ளி ஆசிரியர் சகினாலி கம்பி வெளியே கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் சொல்லை யார் மறுப்பது? டாக்ஸி நிற்கும் இடத்தில் டிரைவர்கள் ஒருவரையொருவர் வழியனுப்பும்போது, எசென் மாதிரி கம்பியை மறந்துடாதடா என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மனம் கெட்டுச் சொன்னதில்லை, பழக்கத்தில் வந்தது. ஆனால் அது அனார்கூலின் காதுவரைக்கும் போய்விட்டது.

ஏழாம் நாள் படையலுக்குத் துர்சுன்பெக்கும் நாஸிராவும் எசெனின் கிராமத்துக்குப் போனார்கள். வாசலுக்கு ஐம்பதடி தூரத்திலேயே நின்று, அங்கே வழக்கம் எப்படியோ அப்படி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "என் மாப்பிள்ளையே, என் தோழனே" என்று குரலெடுத்து அழுதபடியே துர்சுன்பெக் நடந்தார். துக்கத்துக்காக முற்றத்தில் போட்ட கூடாரத்தில் அனார்கூல் கறுப்புத் துணி கட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். பெண்கள் தேநீர் ஊற்ற எழுந்து போனதும் பாட்டை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"வண்டி உங்ககிட்டதான இருக்கு அண்ணே?"

"இருக்கும்மா."

"தெறந்து பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாருங்க. தெனமும் காலைல கம்பிய எடுத்து என் பழைய பாவாடைத் துணியில தொடச்சு, மறுபடி செருகி, ரெண்டு வெரலால ஒரு தட்டுத் தட்டுவாரு. கல்யாணத்தன்னைக்குக்கூட தட்டினாரு. அவரு மறந்தாரா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. வேற எவன் சொன்னாலும் எனக்கு வேண்டாம்."

சரி என்றார். சாப்பிட உட்காராமல் கிளம்ப முடியாது; உட்கார்ந்தார். என்ன சாப்பிட்டோம் என்று வரும் வழியில் நாஸிரா கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் தார்ப்பாயை எடுத்தார். பானெட்டைத் தூக்கி நிறுத்தியதும் அவர் கண் எஞ்சின்மேல் போகவில்லை, கம்பி இருக்கும் துளைமேல் போகவில்லை. நேராகக் கீழே, முன் பம்பருக்குப் பின்னால் தொங்கிய ரப்பர் ஓஸின் நுனிக்குப் போயிற்று. ஆறாம் நாளே அங்கேதான் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் மூடிவைத்தார்.

அது செப்டம்பர் மாதத்து வேலை. எசென் ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். உள்ளே பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு காற்று வடிகட்டியும். கம்பெனி மாட்டிய கறுப்பு டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்ட வேண்டுமாம்.

"மச்சான், இத மாட்டினா டோலோன் ஏத்தத்துல நாலு பேர ஏத்திக்கிட்டும் குதிரையா ஏறும்."

"குதிரைக்குப் புல்லு போதும். உனக்குப் பெட்ரோல் யாரு ஊத்துறது? மூக்கப் பெருசாக்கினா வயிறும் பெருசாகும் மாப்ள."

"ஊத்துறேன். நீங்க மாட்டுங்க."

மாட்டினார். மாட்டியபிறகுதான் ஒரு இடக்கு தெரிந்தது. எஞ்சினின் அடிவயிற்றில் புகையும் ஆவியும் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியே விட ஒரு ஓஸ் உண்டு, பிரீதர் ஓஸ் என்பார்கள், கட்டைவிரல் தடிமன். பழைய அமைப்பில் அது காற்றுக்குழாயின் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்திருந்தது. எஞ்சின் சூட்டிலேயே கிடக்கும், எஞ்சினே அந்த ஆவியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பளபளக்கிற புதுக் குழாயில் அதற்கு வாயே வைக்கவில்லை. துளைபோட்டு ஒரு வாய் பற்றவைக்க வேண்டும். ஊரில் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆளும் ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தான். துர்சுன்பெக் ஓஸின் நுனியை எஞ்சின் பக்கத்திலேயே திறந்தபடி விட்டு, ஒரு கிளிப் போட்டு அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. கூடவே அனார்கூலும் வந்தாள். அப்போது அவளுக்கு இரண்டாம் மாதம். தண்ணீரைப் பார்த்தாலே குமட்டுகிற சமயம். வண்டிக்குள் எண்ணெய் வாசம் அடிக்கிறது, ஏறி உட்கார முடியவில்லை என்றாள். எசெனுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. அவன் சிரித்தான். துர்சுன்பெக்குக்குத் தங்கை சொன்னால் மறுபேச்சு ஏது? ஓஸோடு இன்னொரு ஒன்றரை மீட்டர் ஓஸை ஒட்டி, கீழே வளைத்து, பம்பருக்குப் பின்னால் காற்றில் தொங்கவிட்டார். பழைய கூட்டுப்பண்ணை லாரிகளில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். அதிலெல்லாம் இந்தப் புகைக்குழாய் கீழேதான் தொங்கும், எந்தக் குளிரிலும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அந்த லாரிக் குழாய்கள் இரும்பு, மணிக்கட்டுத் தடிமன். இது கட்டைவிரல் ரப்பர். அந்த வித்தியாசம் செப்டம்பர் வெயிலில் அவருக்குத் தோன்றவில்லை. ஏறிப் பார்த்துவிட்டு அனார்கூல், இப்போ நல்லா இருக்கு அண்ணே என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது அந்த ஓஸைக் கத்தியால் குறுக்கே வெட்டினார். வளைவில் சேர்ந்த ஆவி நீராகி, நீர் உறைந்து, உள்ளே அழுக்கு வெள்ளையாக ஐஸ் அடைத்து நின்றது. ஒரு சாண் நீளத்துக்கு. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், கம்பியை உள்ளிருந்தே பிடுங்கி எறிந்து அந்த வழியாக எண்ணெயைக் கக்கியிருக்கிறது. எசென் கம்பியைச் செருகித்தான் இருந்தான். எத்தனை முறை விரலால் தட்டியிருந்தாலும் அது நின்றிருக்காது.

வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கணப்புக்குப் பக்கத்து மேஜைமேல் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாஸிரா தேநீருக்குக் கூப்பிட்டாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஐஸ் இல்லை. மேஜைமேல் ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் இருந்தது. வெளியிலேயே வைத்திருந்தால் மார்ச் வரைக்கும் சாட்சியாக நின்றிருக்கும். தெரிந்தே உள்ளே கொண்டுவந்தோமா தெரியாமலா என்று அவருக்கே சொல்ல முடியவில்லை. துணியால் துடைத்து, துணியைக் கணப்பில் போட்டார்.

அதற்கப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த வருஷம் அவர் அதேமாதிரி குழாய் மாட்டி, அதேமாதிரி ஓஸை நீட்டிவிட்ட வண்டிகள் இன்னும் நாலு இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் போய், இரும்பில் கைவிரல் ஒட்டிக்கொள்கிற குளிரில் தெருவிலேயே கீழே படுத்து, ஓஸைச் சுருக்கி, எஞ்சின் சூட்டில் இருக்கும்படி திருப்பிவிட்டு, மேலே கம்பளித் துணி சுற்றிவிட்டு வந்தார். காரணம் சொல்லவில்லை, கூலி வாங்கவில்லை. துர்சுன்பெக் சும்மா வேலை செய்கிறார், சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

தங்கையிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனார். மாவு, சர்க்கரை, நிலக்கரி என்று எதையாவது இறக்கி வைத்தார். இன்றைக்குக் கேட்பாள் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தார். அவள் மறுபடி கேட்கவே இல்லை. நாற்பதாம் நாள் படையல் முடிந்ததும் அவளை அழைத்துவந்து பிரசவம் வரைக்கும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆஸ்பத்திரி நாரினில்தான் இருக்கிறது என்று எசெனின் அண்ணன் ஜப்பாரும் ஒப்புக்கொண்டிருந்தார். நாஸிரா சூடான அறையைக் காலி செய்து, புது மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வருவாளா? சொல்ல ஆரம்பித்தால் ஓஸை ஏன் நீட்டினீர்கள் என்றுதானே முதலில் கேட்பாள்? அதற்கு என்ன பதில் சொல்வது? என் புருஷன் சாவில் என் வாயும் இருக்கிறது என்று அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டுமா? இப்படி யோசித்துத் தன் பயத்துக்கும் ஒரு நல்ல சட்டை போட்டுவிட்டார் துர்சுன்பெக். செத்தவன் மறதிக்காரனாகவே கிடந்தான்.

நாற்பதாம் நாள் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. ஜப்பார் ஒரு குதிரையை அறுத்திருந்தார். முற்றத்தில் மூன்று கொப்பரைகள் கொதித்தன. சாண வறட்டிப் புகை தாழ்வாரம் முழுக்கச் சுழன்றது. பெண்கள் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துப் பொரித்துக் கூடைகளில் கொட்டினார்கள். துர்சுன்பெக் விடிந்ததிலிருந்து கூடமாட வேலை செய்தார். விறகு பிளந்தார், குதிரைக் குடலைக் கழுவினார், தண்ணீர் சுமந்தார். சம்பந்தி, நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம் என்று இரண்டு முறை ஜப்பார் வந்து சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு ஆண்களெல்லாம் பெரிய அறையில் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓதி முடித்ததும் கறி வந்தது. யாருக்கு எந்த எலும்பு என்பதில் அங்கே பிசகு வராது. மருமகளின் அண்ணன் என்ற முறையில் இடுப்பெலும்புக் கறியைத் துர்சுன்பெக்கின் முன்னால் வைத்தார்கள். கத்தியைக் கையில் எடுத்தார். வெட்டவில்லை. எதிர்வரிசையில், எசெனின் வண்டியில் வந்த நாலு பேரையும் மரியாதையாக மேலிடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சகினாலி வாத்தியாருக்கு நல்ல தொடைக்கறி.

அப்போது எசெனின் தாய் கூல்ஸார் உள்ளே வந்தாள். ஆண்கள் பந்திக்கு நடுவில் அவள் வருகிற வழக்கமில்லை. எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அவளுக்குப் பின்னால் வாசல்படியில் பெண்கள் நின்றார்கள், அனார்கூலும் நின்றாள். கூல்ஸார் நேராக அந்த நாலு பேர் முன்னால் போய், மார்பில் கையை வைத்துத் தலையைக் குனிந்தாள்.

"என் புள்ள கம்பிய செருக மறந்து உங்க நாலு பேர் உசிருக்கும் உலை வச்சிட்டான். உங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்கு. அவன் இல்ல, அவனுக்காக நான் கேக்கறேன். அவன மன்னிச்சிருங்க. மன்னிச்சிட்டோம்னு வாயத் தெறந்து சொல்லுங்க, அவன் அங்க நிம்மதியாப் படுக்கட்டும்."

சகினாலி பதறிப்போய் எழுந்தார். மன்னிக்க என்னம்மா இருக்கு, எங்களை ஏற்றிவிட்டுத்தானே அவன் செத்தான், மனுஷனுக்கு மறதி வராதா என்று ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, சொல்லாதீங்க" என்றார் துர்சுன்பெக். அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். கத்தி இன்னும் கையில் இருந்தது. அதைப் பார்த்து, குனிந்து விரிப்பின்மேல் வைத்தார். "சம்பந்தியம்மா, நீங்க யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். எசென் மறக்கல. அந்த வண்டியக் கெடுத்தது நான்."

அவர் சொன்னார். புதுக் குழாயில் வாய் இல்லாததைச் சொன்னார். ஓஸை நீட்டித் தொங்கவிட்டதைச் சொன்னார். லாரியில் செய்த பழக்கத்தில் செய்தேன், அங்கே தடிமன் வேறு, இங்கே வேறு, யோசிக்கவில்லை என்றார். ஓஸ் உறைந்தால் எஞ்சின் என்ன செய்யும் என்பதை அங்கே இருந்த டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் தலை மெல்லக் குனிந்தது. வெட்டிப் பார்த்ததையும், ஐஸ் கணப்பருகில் உருகியதையும்கூட மறைக்கவில்லை. வாசத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல்படிப் பக்கம் பார்க்கவும் இல்லை.

கூல்ஸாருக்கு எஞ்சின் சமாச்சாரம் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்.

"என் புள்ள மறக்கலயா?"

"மறக்கல."

"செருகித்தான் இருந்தானா?"

"நல்லா அழுத்திச் செருகியிருந்தான். அது உள்ளருந்து தள்ளி வந்திருக்கு. யாரு செருகியிருந்தாலும் வந்திருக்கும்."

"மறக்கல" என்று அவள் சகினாலியைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தும் சொன்னாள். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நாற்பது நாளும் அவள் அழுதாள்தான். ஆனால் அதுவரை அவள் அழுகையில் ஒரு வெட்கம் கலந்திருந்தது. இது வேறு அழுகை.

ஜப்பார்தான் முதலில் கேட்டார்.

"என்னைக்கு வெட்டிப் பாத்தீங்க சம்பந்தி?"

"எட்டாம் நாள்."

"இத்தன நாளும் ஏன் வாயத் தெறக்கல? அடிச்சிருவோம்னா?"

"அடிச்சிருந்தா தேவல. தங்கச்சி என் மூஞ்சில முழிக்கமாட்டாளேன்னு பயம்."

ஜப்பார் விரிப்பின் பக்கம் திரும்பினார். சாப்பிடுங்க, ஆறிப்போகுது என்று பொதுவாகச் சொன்னார். யாரோ ஒருவர் கத்தியை எடுத்தார். சகினாலி வாத்தியார் மட்டும் கடைசிவரைக்கும் தன் கறியைத் தொடவில்லை. அந்த மனிதருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது, கண்ணால் பார்த்ததைச் சொன்னால் மட்டும் உண்மை ஆகிவிடாது என்று.

பந்தி முடிந்து, எல்லோரும் கையேந்தி வாழ்த்தி எழுந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. துர்சுன்பெக் வெளியே வந்து தன் வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே சூடேறட்டும் என்று விட்டார். பின் சீட்டில் நாஸிரா கொடுத்தனுப்பிய போர்வை விரித்திருந்தது. நாஸிராவுக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை.

கூல்ஸார் துணியில் கட்டிய கறி மூட்டையோடு வந்தாள். படையல் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அவர் கையை நீட்டவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து அதில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நாஸிராவுக்குக் குடு. சூடு பண்ணித் தின்னச் சொல்லு" என்றாள். "உன்ன மன்னிக்க எனக்கு இன்னும் வரல. வந்தா ஆளனுப்பறேன்." போய்விட்டாள்.

கடைசியாக அனார்கூல் வந்தாள். கையில் அவளுடைய துணிமூட்டை இல்லை. காலையில் அதை வாசலோரம் கட்டி வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பனியில் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்து, வண்டிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க ஒண்ண விட்டுட்டீங்க அண்ணே."

"எதையும் விடல."

"வாசம் அடிக்குதுன்னு சொன்னது நான்."

"ஏறுறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அத எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான். உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அத மனசுல வச்சுக்காத."

"கம்பி வெளிய கெடந்துச்சுன்னு சொன்னாங்கல்ல, அன்னைக்கே எனக்கு அந்த ஓஸ்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. எனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்? ஆனா அது ஒண்ணுதான் புதுசா செஞ்சது. அதனாலதான் உங்களத் தெறந்து பாக்கச் சொன்னேன்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "அவரு மறந்துட்டாருன்னு நீங்க வந்து சொல்லிடணும்னு தெனம் வேண்டிக்கிட்டேன். பழி அவரு மேலயே போகட்டும்னு. செத்த புருஷனப் பத்தி அப்படி வேண்டிக்கிட்ட பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். நீங்க ஒண்ணும் சொல்லாம வந்து வந்து மாவு மூட்ட இறக்கினீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் மறுபடி கேக்கல."

துர்சுன்பெக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த ஈரம் கன்னத்தில் உடனே விறைத்தது.

"வாம்மா. வீட்டுக்குப் போவோம். உங்கண்ணி மெத்த தச்சு வச்சிருக்கா."

"வரல."

"என்மேல கோவமா இருந்தா நான் பட்டறையிலயே படுத்துக்கறேன். நீ வீட்டுக்குள்ள இரு."

"கோவம் இல்ல. கோவம் இருந்தா வந்திருப்பேன், ரெண்டு நாள் திட்டிட்டுத் தீந்திருக்கும். உங்களுக்கு என்னப் பாக்கறப்பல்லாம் அந்த வாசம் ஞாபகம் வரும். எனக்கு உங்களப் பாக்கறப்பல்லாம் ஓஸ் ஞாபகம் வரும். ஒரே தட்டுல கைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எப்படிச் சாப்பிடறது? இங்க யாருக்கும் வாசத்தப் பத்தித் தெரியாது. இங்க நான் எசென் பொண்டாட்டி, அவ்வளவுதான்." மேலே பேசுவதற்கு முன் மூச்சு வாங்கினாள். "அத்த பேரனுக்காக உசிர வச்சுக்கிட்டு இருக்காங்க. வலி எடுத்தா ஜப்பார் அண்ணன் கூட்டிட்டு வருவாரு. நீங்க ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. புள்ளைக்கு நடக்கத் தெரியட்டும், நானே கூட்டிட்டு வர்றேன்."

அவருடைய கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டாள். பின் சீட்டைத் திறந்து, நாஸிராவின் போர்வையை மடித்து ஒரு ஓரமாக வைத்து, கதவைச் சாத்தினாள். வந்தமாதிரியே பார்த்துப் பார்த்து அடி வைத்து வீட்டுக்குள் போனாள்.

துர்சுன்பெக் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். கறி மூட்டை மடியில் இளஞ்சூடாக இருந்தது. உள்ளே ஹீட்டர் சூடு நன்றாகப் பிடித்திருந்தது. சட்டையோடு உட்காரலாம் போல. எஞ்சினை அணைக்கவும் இல்லை, கியர் போடவும் இல்லை. வீட்டு ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விருந்தாளிகளின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. முற்றம் காலியாயிற்று.

கொப்பரைச் சாம்பலைக் கொட்ட வெளியே வந்த ஜப்பாரின் மனைவி, அவர் வண்டி இன்னும் நிற்பதைப் பார்த்து அருகே வந்து கண்ணாடியைத் தட்டினாள். அவர் அதை முழுக்க இறக்கினார்.

"என்ன சம்பந்தி, வண்டி ஏதும் மக்கர் பண்ணுதா?"

"இல்லம்மா" என்றார் துர்சுன்பெக். "வண்டி நல்லாத்தான் இருக்கு."